ஆண்களுக்கு நீர்க்கடுப்பு: சூட்டின் மேல் போடும் பழி

எங்கள் பெரியப்பாவுக்கு முதன்முதலாக நீர்க்கடுப்பு வந்தது 63 வயதில். சித்திரை மாத வெயில். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்றார். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வெயில்ல அலைஞ்சா சூடு பிடிக்காம என்ன செய்யும்" என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா அவருடைய தொப்புளிலும் கால் கட்டைவிரல் நகத்திலும் விளக்கெண்ணெய் வைத்தார். வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், இளநீர், நீர்மோர் எல்லாம் முறையாக நடந்தன. மூன்றாம் நாள் எரிச்சல் பொறுக்காமல் தெருமுனை மருந்துக்கடையில் விஷயத்தைச் சொல்லி ஒரு சிரப்பும் ஐந்து மாத்திரையும் வாங்கி வந்தார். இரண்டு மாத்திரையிலேயே எரிச்சல் நின்றுவிட்டது. மீதி மூன்றும் டிவி மேசையின் இழுப்பறைக்குப் போயின.

நாற்பது நாள் கழித்து மறுபடியும் எரிச்சல், இந்த முறை குளிர்காய்ச்சலோடு. இரண்டு போர்வைக்குள் பல் கிட்டிப்போய் நடுங்கியவரை ராத்திரி 11 மணிக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

பணியில் இருந்த இளம் டாக்டர் எரிச்சலைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "ஐயா, ஒன்னுக்குப் போனா முழுசா போன மாதிரி இருக்கா, இன்னும் கொஞ்சம் உள்ள நிக்கிற மாதிரி இருக்கா?" பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். "அது ரெண்டு வருஷமாவே அப்படித்தான் தம்பி. வயசானா அப்படித்தானே?"

டாக்டர் ஏன் அங்கிருந்து தொடங்கினார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. இளம் வயதுப் பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலும் தொற்றேதான் நோய். மருந்து கொடுத்தால் கதை முடிந்துவிடும். ஆணுக்கு வந்தால், அதிலும் 50 வயதைத் தாண்டியவருக்கு வந்தால், அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு காரணம் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காரணத்தை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் துரத்தினால் அது திரும்பி வரும். பழி மட்டும் ஒவ்வொரு முறையும் சூட்டின் மேல் போய் விழும்.

20 சென்டிமீட்டர் தூரம்

முதலில் ஆண்களுக்கு இது ஏன் எளிதில் வருவதில்லை என்று பார்த்துவிடலாம். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் பெண்களுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம். ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர். வெளியிலிருந்து உள்ளே ஏற நினைக்கும் கிருமி அவ்வளவு தூரமும் ஆற்றை எதிர்த்து நீந்துவது போல ஏற வேண்டும். போதாததற்கு, பெண்களுக்கு அந்தத் துவாரம் ஆசனவாய்க்குப் பக்கத்தில், ஈரமான இடத்தில் இருக்கிறது. ஆண்களுக்குத் தள்ளி, உலர்ந்த இடத்தில். வழியில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வேறு துத்தநாகம் கலந்த ஒரு திரவத்தைச் சுரக்கிறது. அதற்கும் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு.

இத்தனை காவல் இருப்பதால் இளம், நடுத்தர வயது ஆண்களில் 10,000 பேரை எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 5 முதல் 8 பேருக்குத்தான் சிறுநீர்த் தொற்று வருகிறது. பிறந்த குழந்தைகளில் மட்டும் கணக்கு தலைகீழ்: முதல் சில மாதங்களில் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கே இது அதிகம் வரும். முன்தோல் பின்னால் வராமல் இறுகியிருப்பது ஒரு காரணம். சிறுநீர்க் குழாயின் உட்புறத்தில் பிறவியிலேயே சவ்வு போன்ற ஒரு தடுப்பு இருப்பது இன்னொன்று. அது அரிதானது, ஆனால் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது. ஆண் குழந்தை பீய்ச்சி அடிக்காமல் சொட்டுச் சொட்டாக ஒன்றுக்குப் போகிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

சரி, ஏறி வரும் கிருமி யார்? பெரும்பாலும் ஈ.கோலை. தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885இல் பச்சிளம் குழந்தைகளின் மலத்தில் கண்டு விவரித்த கிருமி இது. அவர் பெயரைத்தான் இன்றும் தாங்கியிருக்கிறது. நம் ஒவ்வொருவர் குடலிலும் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. ஆகவே "பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில ஒட்டிக்கிச்சு" என்பது கிட்டத்தட்ட எப்போதும் தவறான குற்றச்சாட்டு. அந்தக் கழிப்பறைகளைக் குறை சொல்ல வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம், இது அதில் சேராது. திருடன் வீட்டுக்குள்ளேயே இருப்பவன்.

ஈ.கோலையின் உடல் முழுவதும் நுண்ணிய மயிர்கள் போன்ற இழைகள் உண்டு. சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொள்ள அவைதான் கை. சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். சிறுநீருக்குள் இவ்வளவு வேகமாகப் பெருகாது. ஆனாலும் போக்கு இதுதான். இதற்கு எதிராக உடலிடம் இருக்கும் பெரிய ஆயுதம் மிகச் சாதாரணமானது: முழுசாகக் கழுவிவிடுவது. ஒவ்வொரு முறை பையைக் காலி செய்யும்போதும் கிருமிக் கூட்டத்தில் பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது.

பை காலியாகாவிட்டால்? ஓடுகிற வாய்க்காலில் பாசி பிடிக்காது. தேங்கிய குட்டையில்தான் பிடிக்கும். ஆண்களின் சிறுநீர்த் தொற்றுக்கான காரணங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்தத் தேக்கத்தின் வெவ்வேறு வடிவங்கள்தான்.

ஸ்கேன் சென்டரில் ஒரு காலை

பெரியப்பாவை இரண்டு நாள் கழித்து ஸ்கேனுக்கு அழைத்துப்போனேன். அந்த அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், பாதிப் பேர் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நர்ஸ் நடுவில் வந்து "யாருக்கு நல்லா முட்டுது?" என்று கேட்கிறார். நாலு பேர் ஒரே சமயத்தில் கை தூக்குகிறார்கள். முறை வந்ததும் அடிவயிற்றில் சில்லென்று ஜெல் தடவி, பை நிறைந்திருக்கும்போது ஒரு படம் எடுக்கிறார்கள். "போய் ஃப்ரீயா போயிட்டு வாங்க" என்று அனுப்புகிறார்கள். திரும்பி வந்ததும் இன்னொரு படம். இந்த இரண்டாவது படம்தான் முக்கியம். போய்விட்டு வந்த பிறகும் உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று அது சொல்லும்.

50 மில்லிக்குள் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. 100ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். பெரியப்பாவுக்கு 180. கிட்டத்தட்ட ஒரு டம்ளர் மூத்திரம், இருபத்து நான்கு மணி நேரமும் உள்ளேயே.

காரணம் புராஸ்டேட். சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. இளம் வயதில் 20 கிராம் அளவில் இருக்கும். 40க்கு மேல் பலருக்கும் மெல்ல வீங்க ஆரம்பிக்கும். ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், 80ஐத் தாண்டியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் இந்த வீக்கம் இருக்கிறது. இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் அல்ல. ஆனால் குழாயை நெரிக்கிறது. பையின் தசை முதலில் முக்கி முக்கித் தள்ளுகிறது. நாளாக நாளாகத் தசை தடித்து, பிறகு களைத்து, மிச்சம் வைக்கத் தொடங்குகிறது.

இதன் அறிகுறிகளை நம் ஆட்கள் "வயசு" என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். கழிப்பறையில் நின்றால் வருவதற்கு நேரமாகிறது. வேகம் இல்லை. நடுவில் நின்று நின்று வருகிறது. முடிந்துவிட்டது என்று வேட்டியைச் சரிசெய்த பிறகு சொட்டுகிறது. ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. பெரியப்பா இதையெல்லாம் இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். ரயில் பயணத்தைத் தவிர்த்தார், கல்யாண வீட்டில் கழிப்பறை எங்கே என்று முதலில் பார்த்துவைத்துக்கொண்டார். எரிச்சல் வந்தபோதுதான் அதை நோய் என்று ஒப்புக்கொண்டார். அதுவரை வந்ததெல்லாம் அவர் கணக்கில் நோயே இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் சளிக்கும் தும்மலுக்கும் கடையில் சும்மா வாங்கிப் போடும் மாத்திரைகளில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மூக்கடைப்பை நீக்கும் மருந்து பையின் வாயை இறுக்கும்; தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்து பையின் தசையைத் தளர்த்தும். இரண்டும் சேர்ந்த மாத்திரையை ராத்திரி போட்டுக்கொண்டு படுத்தவர், விடியற்காலையில் ஒரு சொட்டும் வராமல் அடிவயிறு பானை மாதிரி உப்பி மருத்துவமனைக்கு ஓடுவது அடிக்கடி நடக்கிற கதை.

தேக்கத்துக்குப் புராஸ்டேட் மட்டுமே காரணம் என்றில்லை. பழைய காயம், முன்பு போட்ட டியூப், எப்போதோ வந்து போன பால்வினை நோய் ஆகியவற்றால் குழாயில் தழும்பு விழுந்து சுருங்கலாம். அப்போது சிறுநீர் நூல் மாதிரி மெலிந்து வரும், அல்லது இரண்டாகப் பிரிந்து சிதறும். இது 30 வயதுக்காரருக்கும் வரலாம்.

அப்புறம் கல். வெயிலில் வேலை செய்துவிட்டுத் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் ஊர்களில் கல்லடைப்புக்குப் பஞ்சமில்லை. லாரி ஓட்டுபவர், கட்டிட வேலை செய்பவர், வாசலில் 12 மணி நேரம் நிற்கும் காவலாளி எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. "சூடு" என்று நம் பாட்டிமார்கள் சொன்னதில் உள்ள உண்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகி, தொற்று எதுவும் இல்லாமலேயே லேசாகக் கடுக்கும். நாலு டம்ளர் தண்ணீரில் சரியாகியும்விடும். ஒரே நாளில் சரியானால் அது சூடாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கல் வேறு விஷயம். அதன் சொரசொரப்புக்குள் கிருமி ஒளிந்துகொண்டால் மருந்து அங்கே போய்ச் சேராது. புரோட்டியஸ் என்றொரு கிருமி இன்னும் கெட்டிக்காரத்தனம் பண்ணும்: சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கி, தனக்கான கல்லைத் தானே கட்டிக்கொள்ளும். கல் உள்ளே இருக்கும்வரை தொற்று போய்ப் போய் வரும்.

சர்க்கரை

பெரியப்பாவுக்குச் சர்க்கரையும் இருந்தது, 12 வருஷமாக. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' என்ற ஆய்வு 2023இல் கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இந்த எண்ணை வைத்துப் பார்த்தால், நம் ஊரில் ஆண்களின் சிறுநீர்த் தொற்றைச் சர்க்கரையை விட்டுவிட்டுப் பேசவே முடியாது.

சிறுநீரில் சர்க்கரை இருந்தால் கிருமிக்குச் சாப்பாடு கிடைக்கிறது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது நரம்பு. கால் மரத்துப்போவது போலவே சிறுநீர்ப்பையும் மரத்துப்போகும். நிறைந்தது தெரியாது, தெரிந்து போனாலும் தசை முழுசாக அழுத்தாது. ஆக இங்கேயும் தேக்கம்தான். அதோடு, வெள்ளையணுக்கள் சர்க்கரை உடம்பில் மந்தமாக வேலை செய்வதால் சின்னத் தொற்று சீக்கிரம் மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகள் இப்போது சர்க்கரைக்குப் பரவலாக எழுதப்படுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்பவை. அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அதனால் முன்தோலிலும் மொட்டிலும் பூஞ்சை பிடித்து அரிப்பும் வெள்ளைப் படிவும் வரலாம். இதைப் பலர் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர் கழித்தபின் தண்ணீர் விட்டுக் கழுவுவது நல்ல தற்காப்பு. மிக அரிதாக, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலான தோல் அழுகும் கொடிய தொற்று வந்ததை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் எச்சரித்தது. அந்த இடத்தில் வலி, வீக்கம், சிவப்பு, கூடவே காய்ச்சல் என்றால் மணிக்கணக்கில் தாமதம் கூடாது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்தவரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

டியூப் போட்டிருப்பவர்கள் தனி ரகம். சிறுநீர்க் குழாயில் டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி ஏறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. ஒரு மாதம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி இருக்கும். வார்டில் நோயாளியை நகர்த்தும்போது, டியூபின் முனையில் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைக்கிறார்களே, அது கூடாது. பையில் இருப்பது திரும்ப உள்ளே போகும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும்.

எங்கே வலிக்கிறது?

தொற்று எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அறிகுறியே ஓரளவு சொல்லிவிடும். எரிச்சல், அடிக்கடி முட்டுவது, போனால் ஒரு மடக்குத்தான் வருவது, அடக்க முடியாத அவசரம், தொப்புளுக்குக் கீழே வலி, கலங்கலாகவோ நாற்றத்தோடோ வருவது என்றால் சிறுநீர்ப்பையோடு நிற்கிறது என்று பொருள். விலாவுக்குப் பின்னால் ஒரு பக்கம் வலி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. கல்லும் அடைத்து, காய்ச்சலும் இருந்தால் அது உயிர்போகும் அவசரம். அடைப்புக்குப் பின்னால் சீழ் தேங்கும். அதை வடிக்காமல் ஊசி மருந்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் பலனில்லை.

ஆண்களுக்கே உரிய இடம் புராஸ்டேட். அங்கே தொற்று என்றால் வலி விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இருக்கும். உட்கார்ந்தால் கல்லின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். கடும் காய்ச்சல் அடிக்கும். விந்து வெளியேறும்போது வலிக்கும். ஒன்றுக்கே அடைத்துக்கொள்ளவும் கூடும். காய்ச்சலோடு எரிச்சல் வந்த ஆணுக்குப் புராஸ்டேட்டிலும் தொற்று இருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகப்படுவது வழக்கம். பெரியப்பாவுக்கும் அதுதான். புராஸ்டேட்டுக்குள் எல்லா மருந்தும் நுழையாது. பெண்களுக்கு நீர்க்கடுப்புக்கு நன்றாக வேலை செய்யும் நைட்ரோஃபுரான்டோயின் அங்கே போய்ச் சேர்வதில்லை. அதனால் நுழையக்கூடிய மருந்தைத் தேர்ந்து, 2 முதல் 4 வாரம் கொடுக்கிறார்கள். மனைவிக்கு எழுதிக்கொடுத்த பழைய சீட்டை வைத்துக் கணவர் மாத்திரை வாங்கிப் போடுவது இதனால்தான் வேலைக்கு ஆகாது.

மாதக்கணக்கில் அதே இடத்தில் மந்தமான வலி, ஆனால் எத்தனை தடவை பார்த்தாலும் கிருமி இல்லை என்று ஒரு நிலையும் உண்டு. நாள்பட்ட புராஸ்டேட் வலி என்று சொல்லப்படுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்த வகைதான். அவர்களுக்கு ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் கொடுப்பதால் நன்மை இல்லை.

விதை வீங்கி வலித்தால் கிருமி அந்தப் பக்கம் இறங்கியிருக்கலாம். ஆனால் பையனுக்கோ இளைஞனுக்கோ திடீரென்று, சில நிமிடங்களில் கடும் வலி வந்தால் தொற்று என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். விதை தன் தண்டிலேயே முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் காப்பாற்றிவிடலாம். வெட்கப்பட்டுக் காலைவரை சொல்லாமல் இருந்ததால் விதையை இழக்கும் பையன்கள் உண்டு.

முதியவர்கள் சிலருக்கு எரிச்சலே இருக்காது. சாப்பிட மாட்டார்கள், சுருண்டு படுத்துவிடுவார்கள். இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. 80 வயதுத் தாத்தாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, வேறு எதற்கோ எடுத்த யூரின் டெஸ்டில் கிருமி தெரிந்தது, உடனே ஆன்டிபயாடிக். அறிகுறி இல்லாத கிருமிக்கு வைத்தியம் பொதுவாகத் தேவையில்லை; சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சை செய்யப்போகிறார்கள் என்றால் மட்டும் விதிவிலக்கு.

இன்னொன்றையும் தனியாகச் சொல்ல வேண்டும். வலியோ எரிச்சலோ இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், அதிலும் புகைபிடித்தவராக இருந்தால், "இன்ஃபெக்‌ஷன்தான்" என்று மாத்திரை போட்டு மூடக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் ஒரு நாள் ரத்தம் காட்டிவிட்டு மூன்று மாதம் மறைந்திருக்கும். ரத்தம் தானாக நின்றுவிட்டது என்பதால் நோய் நின்றுவிட்டதாக ஆகாது.

இளைஞர்களும் அவர்கள் சொல்லாத விஷயமும்

25 வயதில் ஒருவருக்கு எரிச்சல் என்றால் டாக்டர் மனதில் முதலில் வருவது பால்வினைத் தொற்று. கொனோரியாவில் சில நாளிலேயே மஞ்சளாகச் சீழ் வடியும். உள்ளாடையில் கறை படும். கிளமிடியாவில் அவ்வளவு ஆர்ப்பாட்டம் இருக்காது. லேசான எரிச்சல், காலையில் ஒரு துளி தெளிந்த நீர், பல பேருக்கு அதுவும் இல்லை. இரண்டும் வழக்கமான யூரின் கல்ச்சரில், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வளராதவை. தனிப் பரிசோதனை கேட்டால்தான் தெரியும். டாக்டரிடம் உறவு விவரத்தைச் சொல்லாமல் "சூடு சார்" என்று உட்கார்ந்திருந்தால், ரிப்போர்ட்டில் கிருமி இல்லை என்று வரும், தவறான மருந்து போகும், நோய் இணையருக்கும் பரவும். இருவரும் சேர்ந்து மருந்து எடுக்காவிட்டால் மறுபடி மறுபடி தொற்றிக்கொள்ளும். ஆணுறை இல்லாமல் ஆசனவாய் வழி உறவு கொள்வோருக்குக் குடல் கிருமிகளே நேராக ஏறவும் வாய்ப்புண்டு. டாக்டர் இதைக் கேட்டால் ஒழுக்க விசாரணை நடத்துகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தச் சோதனைக்கு அனுப்புவது என்பதற்காகக் கேட்கிறார்.

டானிக் பாட்டிலில் சாம்பிள்

மருத்துவமனையில் பெரியப்பாவிடம் பழைய மாத்திரை அட்டையைக் கேட்டார்கள். பெயர் தெரியாது, அட்டை இழுப்பறையில். முதல் முறை கல்ச்சர் எடுக்கவே இல்லை. ஆண்களின் தொற்றில் கல்ச்சர் எடுக்காமல் மருந்து தொடங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கல் எறிவது. ஈ.கோலையோடு கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ், சூடோமோனாஸ் என்று ஆண்களிடம் கிருமி வகை அதிகம். எந்த மருந்துக்கு எது மசியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சாம்பிள் கொடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. வீட்டிலிருந்து கழுவின டானிக் பாட்டிலிலோ ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ கொண்டுபோகக் கூடாது. லேபில் தரும் மூடிய டப்பாவைத்தான் பயன்படுத்த வேண்டும். முன்தோலைப் பின்னால் இழுத்துத் தண்ணீரில் கழுவிவிட்டு, முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே கொடுக்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இல்லையென்றால் டப்பாவுக்குள்ளேயே கிருமி பெருகி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும்.

சாதாரண யூரின் ரிப்போர்ட் அன்றைக்கே வந்துவிடும். அதில் 'பஸ் செல்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். எந்த பஸ்ஸும் இல்லை, சீழ் அணுக்கள். கல்ச்சருக்கு 1 முதல் 2 நாள், மருந்துப் பட்டியலோடு சேர்த்து இன்னும் ஒரு நாள்கூட ஆகலாம். ஒரு மில்லிலிட்டரில் 1,00,000 கிருமி இருந்தால்தான் தொற்று என்ற பழைய அளவுகோல், எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1950களில் பெண்களிடம் செய்த ஆய்விலிருந்து வந்தது. அறிகுறி உள்ள ஆணுக்கு 1,000 இருந்தாலே பொருட்படுத்த வேண்டும். எண் சின்னதாக இருக்கிறதே என்று ரிப்போர்ட்டைத் தூக்கிப்போட்டுவிடக் கூடாது.

சீழ் அணுக்கள் நிறைய இருக்கின்றன, கல்ச்சரிலோ ஒன்றும் வளரவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால்? பால்வினைக் கிருமி, கல், பாதியில் விட்ட ஆன்டிபயாடிக் என்று காரணம் பல. நம் நாட்டில் காசநோயை மறக்கவே கூடாது. நுரையீரலில் இருமல் இல்லாமலேயே அது சிறுநீரகத்தில் வருஷக்கணக்கில் தங்கி, மெல்ல அரிக்கும். அதற்குக் காலைச் சிறுநீரைச் சில நாள் தொடர்ந்து எடுத்துத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மூன்று மாத்திரையின் கணக்கு

மருந்துக்கடையில் பெரியப்பா வாங்கின சிரப், சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் சிட்ரேட் உப்பு. எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. நெருஞ்சிமுள் கஷாயமும் சிறுபீளையும் இளநீரும் சிறுநீரைப் பெருக்குவதால் ஆறுதல் தருபவை. குடிப்பதில் தவறில்லை, அதை மட்டும் நம்பிக் காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பதுதான் தவறு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கோ இளநீரில் இருக்கும் பொட்டாசியமே பிரச்சினை.

ஐந்து மாத்திரையில் இரண்டைப் போட்டு மூன்றை இழுப்பறையில் வைத்தது பெரியப்பா மட்டும் செய்த காரியமில்லை. அரைகுறை மருந்தில் எளிதில் சாகும் கிருமி செத்துவிடும், முரட்டுக் கிருமி மிஞ்சும். பல முக்கிய ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, சீட்டோடு விற்றாலும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சொல்லும் ஹெச்1 அட்டவணை 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தெருமுனைக் கடைக்கு அது வந்து சேர்ந்ததா என்பதை நீங்களே ஒரு மாலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பெரியப்பாவின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் நாம் பெயர் கேள்விப்பட்ட மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் எதிரே 'ஆர்' என்றிருந்தது. அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று பொருள். ஊசி மருந்துதான் கேட்டது.

அதே சமயம் நீளமாகக் கொடுத்தால்தான் நல்லது என்பதும் இல்லை. காய்ச்சல் இல்லாமல் தொற்று வந்த 272 ஆண்களை அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவ மையங்களில் பிரித்துப் பார்த்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள்: 7 நாள் எடுத்தவர்களுக்கும் 14 நாள் எடுத்தவர்களுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. எத்தனை நாள் என்பதைத் தொற்று இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. புராஸ்டேட்டுக்கு ஏறியது வாரக்கணக்கு, பையோடு நின்றது நாள்கணக்கு.

தொற்று அடங்கியபின் பெரியப்பாவுக்குப் பையின் வாயைத் தளர்த்தும் மாத்திரை எழுதினார்கள். சில நாளிலேயே ராத்திரி ஒரு தடவைதான் எழுந்தார். அடுத்த ஸ்கேனில் மிச்சம் 60 மில்லி. அதற்குள் வேறொரு கலவரம் நடந்துவிட்டது. காய்ச்சல் அடித்த வாரத்திலேயே, யாரோ உறவினர் சொன்னார் என்று புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையைத் தனியாக ஒரு லேபில் எடுத்துவிட்டார்கள். பொதுவாக 4க்குள் இருக்க வேண்டியது 18 என்று வந்தது. பெரியம்மா குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்ள, அண்ணன் பெங்களூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தான். தொற்றின்போது இந்த எண் கன்னாபின்னாவென்று ஏறும், இறங்க வாரக்கணக்கில் ஆகும், அந்த நேரத்தில் எடுப்பதே வீண் என்று டாக்டர் சொல்லியும் வீட்டில் யாரும் முழுசாக நம்பவில்லை. எட்டு வாரம் கழித்து மறுபடி எடுத்ததில் 2.6. ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெரியப்பா, "அப்ப சூடுதான்" என்றார்.